ஒருவர் கொடுக்க ஊர் கேட்கும்

நாங்கள் குடியிருக்கிற இந்த மண்ணே ஒரு பாட்டுக்குக் கிடைத்த பரிசில் என்பது எங்கள் பழங்கதை. கண் தெரியாத யாழ்ப்பாணன் ஒருவன் சோழநாட்டிலிருந்து வந்து அரசன் முன் யாழ் வாசித்தான். உருகிப்போன அரசன் வடக்கே மணல் திடலாகக் கிடந்த நிலத்தை அவனுக்கு எழுதிக் கொடுத்தான். அவன் தன் சனத்தை அழைத்துவந்து குடியேற்றினான். ஊர் யாழ்ப்பாணம் ஆயிற்று. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் இந்தக் கதை இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. தன் ஊர் பிறந்த கதையைச் சொல்ல வந்த ஒரு சனம் வாளையும் கப்பலையும் விட்டுவிட்டு, குருடன் ஒருவன் வாசித்த யாழையும் அதற்குக் கிடைத்த கூலியையும் தேர்ந்தெடுத்திருக்கிறது. பாட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்வி எங்களுக்குப் புதியதல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

என் தங்கையின் மகள், எனக்குப் பெறாமகள், யாழ்ப்பாணம் டவுனில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். சினிமா இசையமைப்பாளர் ஒருவரின் நிகழ்ச்சி கொழும்பில் நடந்தபோது மேடைக்குக் கிட்டவுள்ள கதிரைக்கு ரிக்கற் வாங்கிவிட்டாள். மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. பஸ் காசு வேறு. தங்கைக்குத் தெரியவந்ததும் வீட்டில் பெரிய சண்டை. "உந்தக் காசுக்குக் கிணத்து மோட்டரைத் திருத்தியிருக்கலாம்" என்று தங்கை இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை என்னிடம் வந்து திண்ணையில் இருந்துகொண்டு கேட்டாள்: "பெரியம்மா, இவ்வளவு காசு குடுத்துப் பாட்டுக் கேட்டது பாவமோ?"

பள்ளிக்கூடத்தில் சைவநெறி படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். பாவம் புண்ணியம் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லிப் பழக்கம். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை. காசைப் பற்றி மட்டுமா அவள் கேட்டாள்? கேட்டு முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சாத ஒன்றுக்கு மனிதர் எவ்வளவு கொடுக்கலாம்? அப்படிக் கொடுப்பது அன்பா, ஆணவமா? கொடுக்க வழியில்லாதவர் எங்கே நின்று கேட்பது? இத்தனையும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

அளவு மீறிக் கொடுப்பவரை எங்கள் சமயம் ஒருபோதும் கண்டித்ததில்லை. நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறது. திருக்கடவூர்க் குங்கிலியக் கலயர் வீட்டில் பிள்ளைகள் பட்டினி. மனைவி தாலியைக் கழற்றி, நெல் வாங்கி வாருங்கள் என்று கையில் கொடுக்கிறாள். போகிற வழியில் வணிகன் ஒருவன் குங்கிலியப் பொதியோடு வருகிறான். கலயர் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். காற்றில் கரைந்து போகிற ஒரு வாசனைக்குத் தாலியை விலையாகக் கொடுத்த மனிதர் அவர். ஒரு மாலைநேரப் பாட்டுக்குப் பாதிச் சம்பளத்தைக் கொடுத்த என் பெறாமகளுக்கு இவரைவிட நெருங்கிய உறவு பெரிய புராணத்தில் இல்லை.

வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் என் மனம் அந்த மனைவியிடம் போய் நிற்கும். கொடுத்தவர் கலயர், ஆனால் தாலி அவளுடையது. பசி பிள்ளைகளுடையது. அன்றிரவு இறைவன் அந்த வீட்டைப் பொன்னாலும் நெல்லாலும் நிறைத்தான் என்று சேக்கிழார் முடிக்கிறார். அப்படி நிறைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கதையை எங்களால் கும்பிட முடியுமா? ஒருவருடைய பக்தியின் செலவை அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சுமக்கிறார் என்றால் அதைக் கேட்டுத்தான் சுமத்த வேண்டும். பெறாமகளிடம் நான் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான்: "உன்ர காசோ, அம்மா தர இருந்த காசோ?" தன் காசு என்றாள். மோட்டருக்கென்று எடுத்துவைத்த காசில் அவள் கைவைக்கவில்லை. சண்டையின் பாதி அந்த இடத்திலேயே அடங்கிவிட்டது.

பாடுகிறவர் காசு வாங்கலாமா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பாடாதவர்கள். கலை தெய்வீகமானது, அதை விற்கக் கூடாது என்று மேடையில் பேசுவார்கள். மேளகாரர் பேசிய காசைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எங்கள் தேவார முதலிகளுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் வாங்கினார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்து, மாற்றுக் குறைவில்லையா என்று உரைத்தும் பார்த்தார். திருவீழிமிழலைக் கதை இன்னும் ஆழமானது. ஒவ்வொரு வருடமும் படிப்பிக்கும்போது அதில் எனக்குப் புதிதாக ஏதாவது தென்படும்.

பஞ்சகாலம். சம்பந்தரும் அப்பரும் அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். அடியாருக்குச் சோறு போட இறைவன் இருவருக்கும் நாளுக்கொரு காசு பீடத்தில் வைக்கிறார். அப்பர் மடத்தில் நேரத்துக்குச் சோறு. சம்பந்தர் மடத்தில் பந்தி பிந்துகிறது. ஏன் என்று சம்பந்தர் கேட்க, உங்கள் காசுக்குக் கடைக்காரர் வட்டம் கழிக்கிறார்கள், அப்பர் காசை அப்படியே எடுக்கிறார்கள் என்று மடத்தவர் சொல்கிறார்கள். அப்பர் உழவாரத்தால் புல் செதுக்கிக் கைத்தொண்டு செய்கிறவர், அவருக்கு நற்காசு. சம்பந்தர் பாடுகிறவர், அவருக்குக் குறைக்காசு. சம்பந்தர் அதை மனத்துக்குள் வைத்துப் புழுங்கவில்லை. காசின் குறையைத் தீர்த்துத் தரும்படி பதிகம் பாடிக் கேட்கிறார். மறுநாள் முதல் இரண்டு காசும் ஒரே காசு.

பாட்டும் உழைப்புத்தான், அதற்குக் குறைக்காசு தரக் கூடாது என்று பாடியவரே இறைவனிடம் வாதாடி வென்ற இடமாக இதை நான் வாசிக்கிறேன். அந்தக் காசு எங்கே போனது என்பதைப் பார்த்தால் மற்றப் பாதியும் விளங்கும். அது சம்பந்தரின் பெட்டிக்குள் போகவில்லை. அன்றைக்கே அரிசியாகி, பசித்து வந்த எல்லோருக்கும் பந்தியாயிற்று. அந்தப் பந்தியில் இருந்தவர்களிடம் ரிக்கற் இருக்கவில்லை.

ஒருவர் கொடுக்க எல்லோரும் கேட்கிற இந்த முறைக்கு எங்கள் ஊரில் உபயம் என்று பெயர். நான் இணுவிலில் பிறந்தவள். கோயில் மஞ்சத்துக்கும் தவிலுக்கும் பெயர்போன ஊர். கொடியேறிய நாளிலிருந்து ஒவ்வொரு திருவிழாவும் ஒரு குடும்பத்துக்கு, ஒரு வீதிக்கு, ஒரு தொழில்காரருக்கு உரியது. பூவும் வெளிச்சமும் மேளமும் அவர்கள் பொறுப்பு. தை மாதத்திலேயே அச்சாரம் கொடுத்து மேளம் பேசிவிடுவார்கள். நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் வைத்தால் இன்றையவர் நாலு கூட்டம் வைப்பார். தமிழ்நாட்டிலிருந்து நாதஸ்வரக்காரரை அழைத்துவருவார். சுவாமி வீதிக்கு வந்து நின்றதும் சமா தொடங்கும். ஊரே மணலில் இருக்கும், மடியில் கச்சான் பொட்டலத்தோடு. அளவெட்டி என்.கே.பத்மநாதன் நாதஸ்வரத்தைக் கையில் எடுத்தால் பிள்ளைகள்கூட அழமாட்டார்கள் என்று அம்மா சொல்வார். எங்கள் ஊரில் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975ல் காலமானார். அம்மா அவர் வாசித்த இரவுகளைப் பஞ்சாங்கம்போல நினைவில் வைத்திருந்தார். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்திய தேசிய விருது கிடைத்தபோது அம்மா உயிரோடு இல்லை. உலகத்தரமான அந்த லயத்தைக் கேட்க அம்மா ஒரு சதமும் கொடுத்ததில்லை. கொடுத்தவர் வேறொருவர். அவர் காணியை ஈடு வைத்தும் கொடுத்திருப்பார். அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த உபயத்தில் ஆணவம் நிறையவே இருந்தது. யாருடைய திருவிழா பெரிது என்ற எடுப்பு, அடுத்த வீதியை வெல்ல வேண்டுமென்ற வெறி. கோயில் வீதியில் வாணவேடிக்கைக்கும் ஆட்டத்துக்கும் காசைக் கொட்டுவதை ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டிலேயே கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். உபயகாரரின் ஆணவம் பெருகப் பெருகக் கேட்கிறவர்களுக்கு நல்ல மேளம் கிடைத்தது. அவருடைய பெருமைக்கே மணல் நிறையச் சனம் வேண்டியிருந்தது. முன்வரிசைக் கதிரையை வாங்குகிறவரின் ஆணவத்துக்கு அந்தப் பயன் இல்லை. பின்னால் இருக்கிறவர் தூரத்தில் இருந்தால்தான் முன்வரிசைக்கு மதிப்பு.

இப்படி எழுதிக்கொண்டு போகும்போது பழைய காலம் முழுவதும் பொன் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மணலில் எல்லோரும் இருக்கவில்லை. காசு வேலி இருக்கவில்லை, சாதி வேலி இருந்தது. மேளத்தை மதிலுக்கு வெளியே, வயல் கரையில் நின்று கேட்ட தலைமுறைகள் எங்களிடையே உண்டு. 1968ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடுங்கள் என்று கேட்டு வந்தவர்கள் அடிபட்டார்கள். அவர்கள் கேட்டது இலவசம் அல்ல, வாசல். உள்ளே வாசித்த கலைஞரையும், கையில் வாத்தியம் இருக்கும்வரை வித்துவான் என்றும் கீழே வைத்த பிறகு சாதிப்பெயர் சொல்லியும் அழைத்த ஊர் இது. உபயம் என்ற பெருங்கொடை இந்த அழுக்கோடு சேர்ந்துதான் எங்களிடம் வந்திருக்கிறது. அதனால் ரிக்கற்றை நான் இழிவாகப் பேசமாட்டேன். யாழ்ப்பாணத்துச் சினிமாக் கொட்டகையில் காசு கொடுத்தவன் யார் மகன் என்று கேட்காமல் கதிரை கொடுத்தார்கள். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவனுக்கு அந்தச் சிறு கடதாசித் துண்டு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, ஒருபோதும் நிறுத்தப்படாத நான் சொல்லி விளங்கவேண்டியதில்லை.

ஆகவே ரிக்கற் அதர்மம், உபயம் தர்மம் என்று கோடு கிழித்துவிட முடியாது. கொடுக்கிற காசு கேட்கிறவர்களை ஒன்றாக இருத்துகிறதா, தரம் பிரித்து இருத்துகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நல்லூர் முருகன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். வெளியூர் வாசகர்கள் நம்பாவிட்டாலும் உண்மை. 2022ல் எங்கள் ரூபாய் விழுந்து, டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போன வருடத்திலும் அர்ச்சனை ஒரு ரூபாய்தான். ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வந்திறங்குகிறவருக்கும் ஒரு ரூபாய். பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு வருகிற கிழவிக்கும் ஒரு ரூபாய். முருகனிடம் இன்னும் கிட்டப் போகிறேன், ஆயிரம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த ஆயிரத்துக்கு அங்கே சீட்டு இல்லை. உண்டியலில் போடலாம், போட்டதற்காக முன்னால் நிற்க முடியாது. இருபத்தைந்து நாள் திருவிழாவில் அந்த வீதியில் நிற்கிற சனத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோயில் அந்த ஆசையை அளந்து காசாக்க மறுக்கிறது. இந்தியாவில் பெருங்கோயில்களில் விசேட தரிசனச் சீட்டு உண்டு. திருப்பதியில் 300 ரூபாய்க்கு வேறு வரிசை. அவற்றை நடத்துகிறவர்கள் அதற்குக் காரணம் சொல்லலாம், அன்னதானமும் பள்ளிக்கூடமும் நடத்துகிறோம் என்று காட்டலாம். ஆனால் சந்நிதியில் வரிசையைக் காசு தீர்மானிப்பதை என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை.

உலகக் கச்சேரிச் சந்தை நல்லூருக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2024 ஓகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தில் ஒயேசிஸ் குழுவின் மீள்வருகை நிகழ்ச்சிகளுக்கு ரிக்கற் விற்றபோது, கேள்வி ஏற ஏற விலையும் ஏறுகிற முறையை வைத்தார்கள். நின்று பார்க்கிற இடத்துக்கு 150 பவுண் அளவில் என்று நினைத்து மணிக்கணக்காக இணைய வரிசையில் காத்திருந்தவர்கள், தங்கள் முறை வந்தபோது 350 பவுணுக்கு மேல் கேட்கப்பட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் மும்பையில் கோல்ட்பிளே நிகழ்ச்சிக்கு ரிக்கற் 2,500 முதல் 35,000 இந்திய ரூபாய் வரை. மறுவிற்பனைத் தளங்களில் அது இலட்சங்களைத் தொட்டது. பொருளியல் படித்தவர்கள் இதை நியாயம் என்பார்கள்: கொடுக்க விரும்பியவர் கொடுத்தார், விரும்பாதவர் விலகினார், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புடவை வாங்குகிறவளின் விருப்பமும் பாட்டுக் கேட்க ஏங்குகிறவளின் விருப்பமும் ஒரே வகையானவை அல்ல. பதினைந்து வயதில் அழுத இரவுகளில் கூட இருந்த பாட்டை, அதைப் பாடியவர் முன்னால் இருந்து ஒருமுறை கேட்க வேண்டும் என்கிற தாகம் பக்திக்கு வெகு அருகில் இருப்பது. அந்தத் தாகம் எவ்வளவு ஆழம் என்று கயிறு விட்டுப் பார்த்து, ஆழத்துக்கு ஏற்றபடி விலை கேட்பது அன்பின்மேல் வரி போடுவது. அதிகம் நேசிக்கிறவரே அதிகம் இழக்கிறார். நேசிக்காமல் வெறும் காசு மட்டும் வைத்திருப்பவருக்கு நோவே இல்லை. இதை உணர்ந்த கலைஞர்களும் இருக்கிறார்கள். 2023ல் அமெரிக்காவில் த கியூர் குழுவின் ரொபர்ட் ஸ்மித் சில கதிரைகளுக்கு 20 டொலர் மட்டும் விலை வைத்தார். விற்ற நிறுவனம் தன் கட்டணங்களைச் சேர்த்தபோது ரிக்கற் விலையைவிடக் கட்டணம் கூடிப்போயிற்று. அவர் பகிரங்கமாகச் சண்டை பிடித்து, வாங்கியவர்களுக்கு ஐந்தும் பத்துமாக டொலரைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். தொகை சிறிது. தன்னைக் கேட்க வருகிறவரின் மடியில் யார் கைவைக்கிறார் என்று ஒரு பாடகர் பார்த்தாரே, அது பெரிது.

எங்கள் முற்றவெளிக்கு வருகிறேன். கோட்டைக்கும் முனியப்பர் கோயிலுக்கும் பக்கத்தில் திறந்து கிடக்கிற வெளி. 2023 ஒக்ரோபர் 21ல் சந்தோஷ் நாராயணன் அங்கே 'யாழ் கானம்' நடத்தினார், இலவசமாக. குடாநாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சனம் வந்தது. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் அப்படியொரு பெருங்கூட்டத்தைச் சந்தோஷத்துக்காகக் கூடியதாக முதன்முதலில் பார்த்திருப்பார்கள். அடுத்தது 2024 பெப்ரவரி 9ல் ஹரிஹரனின் நிகழ்ச்சி, நடிகர் நடிகையரோடு. மேடைக்குக் கிட்ட ரிக்கற் வாங்கியவர்களின் கதிரைகள், தடுப்பு வேலி, அதற்குப் பின்னால் இலவசப் பகுதி. இரவு ஏற ஏறப் பின்னால் நின்றவர்கள் வேலியைத் தள்ளி உடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். நிகழ்ச்சி தடைப்பட்டது, பொலிஸும் அதிரடிப்படையும் வர வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துப் பெடியளுக்கு ஒழுக்கம் போய்விட்டது என்று பல நாள் பேசினார்கள். வேலி உடைத்ததை நான் நியாயம் என்று சொல்லவில்லை. நெரிசலில் மிதிபட்டு ஒரு பிள்ளை செத்திருந்தால் எந்தப் பாட்டாலும் அதை ஈடுசெய்ய முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். மூன்றரை மாதத்துக்கு முன் அதே வெளியில் ஒன்றாக நின்று கேட்ட சனத்துக்கு நடுவே ஒரு வேலியை இழுத்து, இந்தப் பக்கம் கதிரை, அந்தப் பக்கம் கால் என்று பிரித்தால் என்ன நடக்கும் என்று யாரும் நினைக்கவில்லையா? ரிக்கற்றுக்குக் காசு கொடுத்தவர்களும் அன்றைக்கு ஏமாந்துதான் திரும்பினார்கள்.

காசு கொடுத்தவரும் ஏமாறலாம் என்பதற்கு இன்னொரு சாட்சி 2023 செப்ரெம்பர் 10ல் சென்னைப் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்'. ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாமல் பிள்ளைகளோடு தெருவில் நின்றவர்கள் பலர். பிறகு ரகுமான் தரப்பு காசைத் திருப்பிக் கொடுத்தது. ரிக்கற் இருந்தாலும் வாசல் அடைபடும்போது அந்த மனிதர் அடைகிற அவமானம் காசோடு தீர்ந்துவிடுவதில்லை.

மனிதர் பாட்டுக்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்தது ஒரு காசும் புழங்காத இடத்தில். 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரிக்க ஜாம் போத்தல் விளக்கு. அந்த இருட்டில் அண்ணை சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, ஏறி இருந்து மிதிப்பார். அவர் களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். சீர்காழியின் குரல் கீழே கீழே போகும். நாங்கள் கத்துவோம், அவர் மூச்சுப் பிடித்து மிதிப்பார், குரல் மேலே ஏறி வரும். பக்கத்து வீட்டவர்கள் வேலியால் புகுந்து வந்து முற்றத்தில் இருப்பார்கள். வேர்த்தது அண்ணைக்கு, கேட்டது நாங்கள் எல்லோரும். அண்ணை இப்போது இல்லை. நான் அறிந்த மிகப்பெரிய உபயகாரர் அவர்தான்.

இசைக்கு என்ன விலை என்று கேட்டால் அந்த முற்றத்தை வைத்துத்தான் நான் பதில் சொல்வேன். இசை இலவசம் அல்ல. எங்கேயோ ஒரு உடம்பு களைக்கிறது. நாதஸ்வரக்காரரின் நெஞ்சு, தவில்காரரின் விரல், மிதிக்கிறவரின் தொடை. அந்தக் களைப்புக்கு முழுக்காசு கொடுத்தே ஆக வேண்டும், குறைக்காசு கொடுக்கக் கூடாது. ஆனால் எழுந்த பிறகு நாதம் யாருக்கும் சொந்தமில்லை. நான், எனது என்ற இரண்டும் கரையுமிடத்தை வீடு என்கிறது சித்தாந்தம். நல்ல பாட்டைக் கேட்கிற சில கணங்களில் அந்த இரண்டும் கொஞ்சம் நெகிழ்வதை நான் உணர்ந்திருக்கிறேன். அந்த இடத்தில் என் கதிரை, உன் கதிரை என்ற நினைவு வந்தால் கேட்டதன் பயன் போயிற்று. ஆனாய நாயனார் காட்டில் குழல் வாசித்தபோது பசுவும் மானும் மயிலும் பாம்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டன என்கிறார் சேக்கிழார். பகை மறந்து நின்றதைத்தான் அவர் அந்த இசையின் அற்புதமாகச் சொல்கிறார்.

கொடுக்கிற முறை பற்றி ஒரு பழைய பாடம் புறநானூற்றில் இருக்கிறது. குன்றும் மலையும் கடந்து அதியமானிடம் போன பெருஞ்சித்திரனாருக்கு, அதியமான் நேரில் வராமல் பொருளை அனுப்பிவிட்டான். புலவர் அதைத் தொடவில்லை. என்னைக் காணாமல் தந்த பொருளை வாங்க நான் வியாபாரி அல்ல, முகம் பார்த்து என் தகுதி அறிந்து தினையளவு தந்தாலும் போதும் என்று திருப்பி அனுப்பினார். அவர் குறை சொன்னது தொகையை அல்ல, பாராமுகத்தை.

அந்தப் பாராமுகம் இன்றைக்கு எங்கள் திருவிழாக்களிலேயே வந்துவிட்டது. சூரிச்சிலும் லண்டனிலும் ஸ்கார்பரோவிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிற காசில்தான் பல கோயில்களில் மேளம் நடக்கிறது. காசு வருகிறது; காது வருவதில்லை. வெறும் வீதியில், கமராவுக்கு முன்னால், கேட்க ஆளில்லாமல் தவில்காரர் தனி வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். பேசிய காசு அவருக்குக் கிடைத்தது. கேட்கவேண்டியவர் இல்லை. வர முடியாத தூரத்தில் இருப்பவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்; அவர்கள் விரும்பியா போனார்கள்? இங்கே, நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு கைபேசியில் கேட்கிற எங்களைத்தான் சொல்கிறேன்.

பெறாமகளுக்குச் சொன்ன பதில் இது: பாவமில்லை. உன் உழைப்பின் காசு, உன் தாகம். போனாய், கேட்டாய், அழுதாய், நல்லது. அடுத்த மாதம் மோட்டருக்கு அம்மாவிடம் காசு கொடு. எங்கள் வீதித் திருவிழாவுக்கு மேளம் பேசப் போகும்போது நீயும் என்னோடு வா; உன் பங்கையும் போடு.

நிகழ்ச்சி நடத்துகிறவர்களிடம் கேட்பது: கதிரைக்குக் காசு வாங்குங்கள், கலைஞருக்கு நிறையக் கொடுங்கள். ஆனால் பின்னால் நிற்கிற பிள்ளைக்கும் நல்ல ஒலி, பெரிய திரை, தண்ணீர், நெரிசல் வந்தால் வெளியேற அகலமான வழி, இவ்வளவையும் முன்வரிசைக் காசிலிருந்து எடுத்துச் செய்யுங்கள். வசதி உள்ளவர்களிடம் கதிரையை விற்பதோடு நிற்காமல் உபயத்தையும் கேளுங்கள். இன்ன பகுதிச் சனம் இன்றைக்கு இவருடைய உபயத்தில் கேட்கிறது என்று மேடையில் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் கொடுப்பார்கள்.

கோயில்காரரிடமும் வெளிநாட்டில் இருக்கிற உபயகாரரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் திருவிழா இரவில் தொலைபேசியிலாவது மேளகாரரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். என்ன வாசித்தீர்கள் என்று கேளுங்கள். வாசித்து முடித்தவரை, நாளைக்கு வாருங்கள் என்று அலையவிடாதீர்கள். பேசிய காசை அன்றிரவே, முகம் பார்த்து, அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.